பெறுபவருக்குச் செலவு வைக்காத பரிசு: லோகோ பொறித்த பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு முழுமையான வழிகாட்டி

நான் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு முதன்முதலாக அனுப்பிய நிறுவனப் பரிசு ஒரு பீங்கான் குவளை. அழகான பெட்டி, உள்ளே கையால் எழுதிய வாழ்த்து, குவளையின் மேல் எங்கள் லோகோ. எதிலும் குறையில்லை என்றுதான் நினைத்தேன். அவரிடமிருந்து நாகரிகமான நன்றி மின்னஞ்சலும் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவருடைய சக ஊழியர் பேச்சுவாக்கில் சொன்னார்: இறக்குமதி வரி, அதன்மேல் கூரியரின் கையாளும் கட்டணம் என்று குவளையின் விலையைவிட அதிகமாகக் கட்டித்தான் அவர் அந்தப் பெட்டியை வாங்கினாராம். கேட்காத பொருளுக்குக் காசு கொடுத்துவிட்டு நன்றியும் எழுதியிருக்கிறார் மனிதர்.

அன்றிலிருந்து என்னிடம் ஒரே அளவுகோல்தான். பரிசைப் பெறுபவர் அதற்காகப் பணம் கட்டக் கூடாது. மேலதிகாரிக்கு விளக்கம் எழுதக் கூடாது. மேசை இழுப்பறையில் ஒளித்து வைக்கவும் கூடாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த மூன்றிலிருந்து பிறந்தவை. வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும். பொருளை அச்சடித்து முடித்த பிறகு விதிகளைத் தேடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை.

படி 1: யாருக்கு அனுப்புகிறோம்?

பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சொல் எழுதுங்கள்: அரசு, மருத்துவம், தனியார். மிக அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான்.

'அரசு' என்றதும் அமைச்சரையும் அதிகாரியையும் மட்டும் நினைக்கக் கூடாது. அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டு வெளிநாட்டு ஊழல் தடுப்புச் சட்டம், வணிகம் பெறும் நோக்கத்துடன் வெளிநாட்டு அரசு அலுவலருக்கு மதிப்புள்ள எதையும் தருவதைத் தடை செய்கிறது. அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களின் ஊழியர்களையும் அந்நாட்டு அதிகாரிகள் இதே வகையில் சேர்க்கிறார்கள். ஆகவே அரசு எண்ணெய் நிறுவனத்தின் கொள்முதல் மேலாளர், அரசு மருத்துவமனை மருத்துவர், அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எல்லோரும் 'அரசு' என்ற தலைப்பின்கீழ் வரக்கூடும். மிகச் சிறிய மதிப்புள்ள விளம்பரப் பொருளை மட்டும் லஞ்சமாகப் பார்ப்பது அரிது. ஆனால் 'சிறிய' என்பதை முடிவு செய்வது அனுப்புபவர் அல்ல.

பெறுபவரின் நாட்டுக்கும் தனி வரம்புகள் உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சி ஊழியர் ஒருவர், ஒரே இடத்திலிருந்து ஒரு தடவைக்கு 20 டாலர், ஆண்டுக்கு மொத்தம் 50 டாலர் மதிப்புக்குமேல் பரிசு பெறக் கூடாது என்பது அங்குள்ள பொதுவிதி. பணமாக எதுவும் கூடாது. தென்கொரியாவில் 2016 செப்டம்பர் 28 முதல் நடைமுறையில் உள்ள ஊழல் தடுப்புச் சட்டம் அரசு அலுவலர்களோடு பத்திரிகையாளர்களையும் தனியார் பள்ளி ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்கிறது. அங்கே பரிசுக்கான பொது உச்சவரம்பு 50,000 வோன். பத்திரிகையாளருக்கு அனுப்பும் 'ஊடகப் பெட்டி' இந்தச் சட்டத்துக்குள் வரும் என்பது விளம்பரப் பிரிவில் பலருக்குத் தெரிவதில்லை.

மருத்துவத் துறைக்கு என் யோசனை எளிது: லோகோ போட்ட எதையும் அனுப்பாதீர்கள். அமெரிக்க மருந்து நிறுவனங்களின் சங்கம் 2009 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய நெறிமுறை, மருத்துவர்களுக்குப் பேனா, குவளை போன்ற நினைவூட்டுப் பொருள்களைத் தருவதையே நிறுத்திவிட்டது. ஐரோப்பிய மருந்துத் துறைக் கூட்டமைப்பும் 2014இல் பரிசுகளைத் தடை செய்தது. ஒரு பேனா என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஒவ்வொரு மருந்துச் சீட்டும் எழுதப்படும்போது கையில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி.

மிஞ்சியவர்கள் தனியார். இங்கும் கவனம் தேவை. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு லஞ்சச் சட்டம் (2011 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது) தனியாருக்குத் தனியார் தரும் லஞ்சத்தையும் குற்றமாக்குகிறது. அதோடு, தன் சார்பில் இயங்குவோர் லஞ்சம் தருவதைத் தடுக்கத் தவறினால் நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும். போதிய தடுப்பு நடைமுறைகள் இருந்தன என்று காட்டுவதுதான் அங்கே நிறுவனத்துக்கு உள்ள தற்காப்பு. கடைசிப் படியில் பதிவேட்டைப் பற்றிச் சொல்வதற்கு இதுவே காரணம்.

தனியார் வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கேட்பதே நல்லது. 'ஆண்டிறுதியில் சிறிய நினைவுப்பொருள் ஒன்றை அனுப்ப நினைக்கிறோம். உங்கள் நிறுவனத்தின் பரிசுக் கொள்கைக்கு அது பொருந்துமா?' என்று இரண்டு வரி எழுதினால் போதும். கேட்டால் எதிர்பாராத மகிழ்ச்சி போய்விடுமே என்பவர்கள் உண்டு. போகட்டும். பரிசைத் திருப்பி அனுப்ப வேண்டிய சங்கடத்தைவிட அது மேல்.

இன்னொரு கோடு: டெண்டர் திறந்திருக்கும்போதோ, ஒப்பந்தம் புதுப்பிக்கும் பேச்சு நடக்கும்போதோ, உங்களைத் தணிக்கை செய்பவருக்கோ, எதுவும் அனுப்பக் கூடாது. சாவிக்கொத்துக்கூட வேண்டாம். முடிவு எழுதப்பட்டு, கையெழுத்தாகி, கொஞ்ச நாள் ஓடட்டும்.

படி 2: எவ்வளவு மதிப்பு?

சட்டங்கள் பெரும்பாலும் 'நியாயமான மதிப்பு' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். நியாயம் எவ்வளவு என்பதை வரி விதிகளிலிருந்து ஊகிக்கலாம். ஜெர்மனியில் வணிகப் பரிசைச் செலவாகக் கணக்குக் காட்ட ஒருவருக்கு ஆண்டுக்கு 35 யூரோ என்றிருந்த வரம்பு 2024 முதல் 50 யூரோ. அமெரிக்காவில் ஒருவருக்கு ஆண்டுக்கு 25 டாலர். பிரிட்டனில் 50 பவுண்ட். அதுவும் அந்தப் பொருளில் உங்கள் விளம்பரம் தெளிவாகத் தெரிய வேண்டும், உணவு, மது, புகையிலை, பணச்சீட்டு ஆகியவை கூடாது. இந்த வரம்புகள் அந்தந்த நாட்டில் வரி கட்டும் நிறுவனங்களுக்கானவை. ஆனாலும் மூன்று நாட்டு வரித்துறைகள் எதைச் சிறு பரிசாகப் பார்க்கின்றன என்பதற்கு இவை நல்ல அடையாளம்.

கணக்கில் ஆண்டு முழுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் டி-சர்ட், ஜூலையில் குடை, டிசம்பரில் பெட்டி என்று மூன்று பிரிவுகள் தனித்தனியாக அனுப்பியிருக்கும், பெறுபவர் ஒருவரே. பணமாக மாற்றத்தக்க பரிசு அட்டைகளை நான் அறவே ஒதுக்குகிறேன்.

படி 3: லோகோ எவ்வளவு பெரியது?

இதில் ஒரு வேடிக்கையான முரண் இருக்கிறது. சட்டத்துக்குப் பெரிய லோகோ பிடிக்கும். மனிதர்களுக்குச் சிறிய லோகோதான் பிடிக்கும். பெயர் பொறித்த பொருளை விற்றுக் காசாக்குவது கடினம். அதனால் ஊழல் தடுப்பு அதிகாரிகள் அதை விளம்பரமாகவே பார்ப்பார்கள். மேலே சொன்ன பிரிட்டன் வரி விதியும் அதைத்தான் கேட்கிறது. ஆனால் மார்பு முழுவதும் வேறொரு நிறுவனத்தின் பெயரைச் சுமந்துகொண்டு யார் தெருவில் நடப்பார்கள்? அப்படிப்பட்ட டி-சர்ட் வீடு துடைக்கும் துணியாகிவிடும்.

என் தீர்வு: லோகோ கட்டாயம் இருக்க வேண்டும், நிரந்தரமாகப் பதிந்திருக்க வேண்டும், ஆனால் ஒதுங்கியிருக்க வேண்டும். குறிப்பேட்டின் பின்னட்டைக் கீழ்மூலை, குவளையின் அடிப்பகுதி, பையின் உள்மடிப்பு. பொருளின் நிறத்திலேயே புடைப்பாகப் பொறித்தால் இன்னும் நல்லது. எடுத்து ஒட்டும் ஸ்டிக்கர் போட்டால் இரண்டு பயனும் போய்விடும். பெறுபவரின் பெயரைப் பொறிப்பது அழகுதான். எழுத்துப் பிழை நேர்ந்தால் மட்டும் அதைப் போன்ற அவமதிப்பு வேறில்லை. பெயரை அவர்களுடைய மின்னஞ்சல் கையொப்பத்திலிருந்து அப்படியே எடுங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள்.

படி 4: எந்தப் பொருள் எல்லை தாண்டும்?

நிறுவனப் பரிசுப் பட்டியல்களில் தவறாமல் இடம்பெறுவது பவர்பேங்க். வெளிநாட்டுக்கு அனுப்ப இதைவிடத் தொல்லையான பொருள் குறைவு. தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயனி பேட்டரியாக, அதாவது யு.என். 3480 என்ற ஆபத்தான சரக்கு எண்ணின்கீழ், அதைக் கருதுகிறார்கள். 2016 ஏப்ரல் முதல் இத்தகைய பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது. சரக்கு விமானத்திலும் மின்னேற்றம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பல அஞ்சல் துறைகள் பெட்டியைத் தொடவே மறுத்துவிடும். பொருளுக்கு உள்ளேயே பொருத்தப்பட்ட பேட்டரிக்கு யு.என். 3481 என்ற சற்றுத் தளர்ந்த விதி உண்டு. ப்ளூடூத் ஸ்பீக்கர் அந்த வழியில் போகலாம். ஆனால் ரேடியோ அலை வெளியிடும் கருவி என்பதால் பல நாடுகளில் தனி ஒப்புதல் கேட்பார்கள்.

யு.எஸ்.பி. பென்டிரைவ் எல்லை தாண்டிவிடும், அலுவலக வாசலைத் தாண்டாது. வெளியிலிருந்து வரும் நினைவகங்களைக் கணினியில் செருகக் கூடாது என்ற பாதுகாப்பு விதி இன்று பெரும்பாலான பெரிய நிறுவனங்களில் இருக்கிறது.

சுற்றுச்சூழல் அக்கறையோடு தேர்ந்தெடுத்து மாட்டிக்கொள்ளும் பொருள் ஒன்று உண்டு: விதைக் காகிதம், நட்டால் முளைக்கும் பென்சில். விதை என்றால் தாவரத் தொற்றுத் தடுப்பு விதிகள் பாயும். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதில் மிகக் கண்டிப்பு. வாழ்த்து அட்டைகூட விதைக் காகிதமாக இருக்கலாகாது. தேன், உலர்பழம், இறைச்சி, பால் இனிப்பு, பதப்படுத்தாத மரம் எல்லாம் இதே வரிசை. மொத்தமாக மரப் பலகை அடுக்குகளில் அனுப்பினால், அந்தப் பலகைகளுக்கே ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை (மரத்திலுள்ள பூச்சிகள் நீக்கப்பட்டதைக் காட்டும் குறி) வேண்டும். வாசனைத் திரவியமும் கிருமிநாசினியும் எரியும் திரவங்கள். சிங்கப்பூருக்கான பெட்டியில் சூயிங்கம் வைக்காதீர்கள். 1992 முதல் அங்கே இறக்குமதித் தடை.

சிக்கலின்றிப் போகும் பொருள்கள்: குறிப்பேடு, பேனா, பருத்தித் துணிப்பை, காலி எஃகுப் புட்டி, சால்வை. சலிப்பான பட்டியல்தான். தரத்தில் மிச்சத்தைக் காட்டுங்கள்: பத்துப் பொருள்கள் திணித்த பெட்டியைவிட, நல்ல தாளில் தைத்த ஒரு குறிப்பேடு நீண்ட நாள் மேசையில் இருக்கும்.

படி 5: பொருள் அங்கே என்ன பேசும்?

சீன மொழியில் 'கடிகாரம் கொடுப்பது' என்ற சொற்றொடரும் இறுதிச் சடங்குக்குப் போவதைக் குறிக்கும் சொற்றொடரும் ஒரே ஒலி. லோகோ போட்ட சுவர்க்கடிகாரம் சீனாவுக்குப் போகக் கூடாதது அதனால்தான். குடையைக் குறிக்கும் சொல் 'பிரிதல்' என்பதை ஒத்து ஒலிக்கும். பச்சைத் தொப்பி அணிந்த ஆண் என்றால் மனைவியால் ஏமாற்றப்பட்டவன் என்று பொருள். உங்கள் நிறுவன நிறம் பச்சையாக இருந்தால் தொப்பியை வேறு நிறத்தில் தையுங்கள், அல்லது தொப்பியையே விட்டுவிடுங்கள்.

நான்கு என்ற எண் சீனம், ஜப்பானியம், கொரியம் மூன்றிலும் 'சாவு' என்பதோடு ஒலி ஒத்துப்போகிறது. நான்கு கோப்பைகள் கொண்ட தொகுப்பை மூன்றாகவோ ஐந்தாகவோ மாற்றுங்கள். ஜப்பானில் ஒன்பதும் 'துன்பம்' என்ற ஒலி தருவதால் விரும்பப்படுவதில்லை. கொரியாவில் ஒருவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவது இறந்தவரோடு தொடர்புடையது. லோகோ சிவப்பாக இருக்கலாம், பெறுபவரின் பெயர் சிவப்பில் வேண்டாம். கத்தி, கத்தரிக்கோல், காகிதம் வெட்டும் கருவி ஆகியவை உறவை வெட்டும் பொருள்களாகப் பல நாடுகளில் பார்க்கப்படுகின்றன. முஸ்லிம் வாடிக்கையாளருக்கு மது, மது கலந்த சாக்லேட், பன்றித்தோல் பொருள் எதுவும் கூடாது. தோல் பொருள் என்றாலே எந்த விலங்கின் தோல் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிலருக்கு மாட்டுத்தோலும் ஆகாது. முதலை, பாம்பு போன்றவை அழிநிலை உயிரின வணிக ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை.

இவற்றை மனப்பாடச் சூத்திரங்களாகக் கொள்ள வேண்டாம். பன்னாட்டு நிறுவனத்தில் வேலை செய்யும் இளைஞர் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் தவிர்ப்பதற்கு நமக்குச் செலவு ஒன்றுமில்லை. தவறினால் சரிசெய்ய வழியுமில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து கொடியும் வரைபடமும். வாடிக்கையாளரின் நாட்டுக் கொடியைக் குவளையில் அச்சடிப்பது மரியாதை என்று தோன்றும். சவூதி அரேபியக் கொடியில் இருப்பது இஸ்லாத்தின் உறுதிமொழி; அதைப் பந்திலோ பையிலோ டி-சர்ட்டிலோ போடுவது புண்படுத்தும். இந்தியாவின் 2002ஆம் ஆண்டுக் கொடி விதித்தொகுப்பு, தேசியக் கொடியைத் தலையணை உறை, கைக்குட்டை, நாப்கின் போன்றவற்றில் பொறிப்பதைத் தடுக்கிறது. வரைபடமோ இன்னும் மோசம்: 2018இல் ஒரு பெரிய அமெரிக்க ஆடை நிறுவனம், டி-சர்ட்டில் இருந்த சீன வரைபடத்தில் தைவான் விடுபட்டதற்காகப் பகிரங்க மன்னிப்புக் கேட்டது. 'உலகெங்கும் எங்கள் கிளைகள்' என்று காட்ட ஆசையிருந்தால் நகரங்களின் பெயர்களை மட்டும் எழுதுங்கள், எல்லைக்கோடுகளை வரையாதீர்கள்.

படி 6: இன்வாய்ஸ்

'பரிசுதானே, விலை பூஜ்யம்' என்று எழுதிவிடுவது மிகப் பரவலான தவறு. விற்பனை இல்லை என்பதால் பொருளுக்கு மதிப்பு இல்லை என்று ஆகாது. உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தம், விற்பனை விலை இல்லாத பொருளுக்கு மாற்று முறைகளில் மதிப்பைக் கணிக்கச் சொல்கிறது. நீங்கள் வாங்கிய அல்லது தயாரித்த விலையை எழுதி, 'பணம் பெறப்படவில்லை. சுங்கத்துக்காக மட்டும் மதிப்பு' என்று குறிப்பிடுங்கள். பூஜ்யத்தைப் பார்த்த அதிகாரி பெட்டியை நிறுத்தி வைப்பார், அல்லது தானே ஒரு மதிப்பைப் போடுவார்.

'மாதிரி' என்று எழுதுவது அடுத்த தவறு. வணிக மாதிரிகளுக்கும் விளம்பரப் பொருள்களுக்கும் 1952ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தம் சலுகை தருகிறது. ஆனால் மாதிரி என்பது நீங்கள் விற்கும் பொருளைக் காட்டி ஆர்டர் பெறுவதற்கானது. மென்பொருள் நிறுவனம் அனுப்பும் டி-சர்ட் எதற்கும் மாதிரி அல்ல.

விவரத்தைச் சுங்க அதிகாரி கண்ணால் காணும்படி எழுதுங்கள். 'விளம்பரப் பொருள்கள்' போதாது. 'ஆண்களுக்கான பின்னலாடை டி-சர்ட், 100 சதவீதப் பருத்தி, 40 எண்ணம்' என்று வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எச்.எஸ். குறியீடு, அதாவது பொருளை வகைப்படுத்தும் சுங்க எண், வேண்டும்: பின்னல் டி-சர்ட் 6109, பீங்கான் குவளை 6911, பேனா 9608, குறிப்பேடு 4820, வெப்பக்குடுவை 9617, குடை 6601. முதல் ஆறு இலக்கங்கள் உலகப் பொது, அதற்குமேல் நாட்டுக்கு நாடு மாறும். தயாரிப்பு நாடு என்ற கட்டத்தில் பொருள் எங்கே செய்யப்பட்டதோ அந்த நாட்டை எழுத வேண்டும். லோகோவை உங்கள் ஊரில் அச்சடித்ததால் மட்டும் பிறந்த நாடு மாறிவிடாது.

படி 7: வரியை யார் கட்டுவது?

நீங்கள். கூரியர் படிவத்தில் 'டி.டி.பி.' என்ற நிபந்தனையைத் தேர்ந்தெடுத்தால் வரியும் கட்டணமும் அனுப்புபவர் கணக்கில் வரும். 'டி.ஏ.பி.' என்றால் பெறுபவர் தலையில். பல தளங்களில் இரண்டாவதுதான் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். என் குவளைக்கு நேர்ந்தது அதுதான்.

'பரிசுக்கு வரி இல்லையே' என்ற நம்பிக்கை நிறுவனங்களுக்குப் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 45 யூரோ சலுகையும் பிரிட்டனின் 39 பவுண்ட் சலுகையும் தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் பரிசுகளுக்கானவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை 1 முதல் 22 யூரோவுக்குக் கீழான சிறு சரக்குகளுக்கு இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கும் போய்விட்டது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான சரக்குகளுக்குத் தந்துவந்த விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டது. பழைய வழிகாட்டிகளை நம்பி அனுப்பாதீர்கள்.

சில நாடுகளில் பணம் மட்டும் போதாது, பெறுபவரின் எண்ணும் வேண்டும். பிரேசிலில் வரி எண், தென்கொரியாவில் தனிநபருக்கான சுங்க எண், ஐரோப்பாவில் நிறுவனமாக இறக்குமதி செய்பவருக்கு இ.ஓ.ஆர்.ஐ. என்ற சுங்கப் பதிவு எண். இதைக் கேட்டு ஒருவரைத் தொல்லைப்படுத்துகிறோம் என்று தோன்றினால், அந்த எண்ணம் சரியே. அங்கேயே அச்சடித்து அங்கேயே அனுப்பும் உள்ளூர் அச்சகத்தைத் தேடுங்கள். ஒரு நாட்டில் பத்துப் பேருக்குமேல் இருந்தால் நான் இப்போது எல்லை தாண்டி எதையும் அனுப்புவதில்லை. மாதிரி ஒன்றை வரவழைத்து நிறத்தைச் சரிபார்த்துவிட்டால் பாதி வழிகாட்டி தேவையற்றதாகிவிடும்.

கண்காட்சிக்குச் சரக்கு கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு சொல்: ஏ.டி.ஏ. கார்னெட் (பொருள்களைத் தற்காலிகமாக வரியின்றிக் கொண்டுபோக உதவும் சுங்க ஆவணம்) திரும்ப எடுத்துவரும் பொருள்களுக்கு மட்டும். அங்கே இலவசமாக விநியோகிக்கப்போகும் பைகளை அதில் சேர்த்தால், திரும்பி வராத ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்ல நேரும்.

படி 8: பெட்டி, முகவரி, நாள்

கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது வழக்கம். 40, 30, 30 அளவுள்ள பெட்டியில் இரண்டு கிலோ பொருள் இருந்தாலும் 7.2 கிலோவுக்குக் கட்டணம். அலங்காரத் தாள் நிரப்பிய பெரிய பெட்டி என்றால் காற்றை விமானத்தில் ஏற்றுகிறீர்கள்.

அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள். வெளிப்படையாக வந்து சேரும் பரிசில் சந்தேகம் குறைவு. வீட்டிலிருந்து வேலை செய்பவரிடம் வீட்டு முகவரி கேட்க நேர்ந்தால், அது தனிநபர் தரவு. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். பரிசுக்கு என்று சொல்லிப் பெற்ற முகவரியை விற்பனைப் பட்டியலில் சேர்க்காமல், பொருள் சேர்ந்ததும் அழித்துவிடுங்கள்.

ஜப்பானில் கோடைக்கால ஒச்சூகென், டிசம்பர் ஒசெய்போ என்று பரிசுக்கே பருவங்கள் உண்டு. சீனப் புத்தாண்டை ஒட்டித் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் நீண்ட நாள் மூடிக்கிடக்கும். பெட்டி கிடங்கில் கிடக்கும். டிசம்பர் நெரிசலை நான் முற்றிலும் தவிர்த்து, ஒரு வேலை நல்லபடி முடிந்த வாரத்தில் அனுப்புகிறேன். உள்ளே வைக்கும் கடிதத்தில் அந்த வேலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். 'தொடர்ந்து ஆதரவு தருவீர்கள் என நம்புகிறோம்' என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். பின்னாளில் யாராவது விசாரித்தால் பரிசுக்குக் கைம்மாறு எதிர்பார்த்ததாக அந்த ஒரு வரிதான் பேசும்.

படி 9: பதிவேடு, மறுப்பு

யாருக்கு, என்ன, எவ்வளவு மதிப்பு, எந்த நாள், எந்தக் காரணம், யார் அனுமதித்தார். ஆறு நெடுவரிசைகள் கொண்ட ஒரு விரிதாள் போதும். எல்லாப் பிரிவுகளும் ஒரே தாளில் எழுத வேண்டும் என்பதுதான் கடினமான பகுதி.

சிலர் திருப்பி அனுப்புவார்கள். அதில் மனவருத்தம் கொள்ள ஒன்றுமில்லை. 'தெரிவித்ததற்கு நன்றி, இனிக் கவனிக்கிறோம்' என்று அன்றே பதில் எழுதுங்கள். ஜப்பான் போன்ற நாடுகளில் நேரில் கொடுக்கும்போது ஓரிரு முறை மென்மையாக மறுத்துவிட்டு ஏற்றுக்கொள்வது நாகரிகம். ஆனால் எழுத்தில், கொள்கையைச் சுட்டி வரும் மறுப்பு அப்படிப்பட்டதல்ல. வற்புறுத்தாதீர்கள். திரும்பி வரும் பெட்டிக்கு உங்கள் நாட்டிலேயே இறக்குமதி வரி கேட்கக்கூடும். ஆகவே போனபோது பயன்படுத்திய இன்வாய்ஸையும் கூரியர் ரசீதையும் எடுத்து வைத்திருங்கள். திருப்பி அனுப்பும் செலவையும் நீங்களே ஏற்பதாக அவருக்கு எழுதிவிடுங்கள்.